துடைப்பது முதலிலா, காற்றை மாற்றுவது முதலிலா?

புதிதாக ஒரு சுவாச வைரஸ் தலைகாட்டினால் தடுப்பூசி வந்து சேரப் பல மாதம் ஆகும். கோவிட்டுக்கு மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. வேலை அசுர வேகத்தில் நடந்தும், பெரிய அளவில் ஊசி போடத் தொடங்க டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை கையில் இருப்பவை சோப்பு, கிருமிநாசினி, மாஸ்க், ஜன்னல், டெஸ்ட் இவ்வளவுதான். எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். பணமும் பொறுமையும் அளவோடு இருக்கும்போது எதை முதலில் செய்வது? என் ஓட்டு காற்றுக்கு.

2020-ல் உலகம் போட்ட ஓட்டு வேறு. கதவுக் கைப்பிடியிலிருந்து காய்கறிப் பை வரை துடைத்துத் தள்ளினோம். உலக சுகாதார நிறுவனமும் அந்த மார்ச் 28 அன்று, கோவிட் காற்றில் பரவுவது அல்ல என்று அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து, காற்றையும் கவனியுங்கள் என்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கின்படி, வைரஸ் படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் 1-க்கும் குறைவு. அதற்காகக் கை கழுவுவதை விட்டுவிட வேண்டாம். செலவு இல்லாத வேலை, வயிற்றுப்போக்கு உட்பட வேறு பல நோய்களையும் தடுக்கும். ஆட்கள் மேலேயே மருந்து தெளிக்கும் சுரங்கங்கள்தான் வெட்டிச் செலவு. கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதலும்கூட.

காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு சேர்ந்திசைப் பயிற்சியைப் பார்த்தால் போதும். வந்தவர்கள் 61 பேர். கை சுத்திகரிப்பான் இருந்தது, கட்டித் தழுவலைத் தவிர்த்தார்கள். ஆனால் ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது. மூடிய அறையில் இரண்டரை மணி நேரம் பாடினார்கள். 53 பேருக்கு நோய் (டெஸ்டில் உறுதியானவை 33), இருவர் இறந்தார்கள். கையைக் காப்பாற்றினார்கள், மூச்சைக் கவனிக்கவில்லை.

சரி, காற்றை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. ஜன்னலா, ஃபில்டர் மெஷினா? எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்து காற்று ஓடுகிற அறை என்றால் மெஷினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். புழுக்கமோ குளிரோ புகையோ ஜன்னலைச் சாத்த வைக்கும்போதுதான் மெஷினின் வேலை தொடங்குகிறது. ஹெப்பா எனப்படும் நுண்துகள் ஃபில்டர் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் முழு வேகத்தில் இரைச்சல் தாங்காமல் ஆட்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்போது சுத்தமாகும் காற்றின் அளவும் குறையும். ஆகவே அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய மெஷினாக வாங்கி மெதுவாக ஓட விடுவது புத்திசாலித்தனம். நான்கு ஃபில்டர்களைப் பெட்டியாக ஒட்டி மேலே ஃபேனை வைக்கும் கோர்சி-ரோசென்தால் பெட்டியும் மலிவில் நன்றாகவே வேலை செய்கிறது. சாதாரண ஸ்பிளிட் ஏசியை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஜன்னல் இல்லாத ஓர் உணவகத்தில், ஏசி காற்று ஓடிய வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று உறுதியானது.

கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளியே அந்த வாயு 420 பிபிஎம்-ஐ (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) ஒட்டி இருக்கும். அறைக்குள் 1,500 காட்டினால் மற்றவர்கள் விட்ட மூச்சைத்தான் நீங்கள் கணிசமாக இழுக்கிறீர்கள். ஆனால் ஃபில்டர் அந்த வாயுவைப் பிடிக்காது. மெஷின் ஒழுங்காக ஓடினாலும் மீட்டர் இறங்காது. அதைப் பார்த்து மெஷினை ஏமாற்று வேலை என்று திட்டக் கூடாது.

மாஸ்க்கில் துணி, சர்ஜிக்கல், என்-95 என்று மூன்று. சர்ஜிக்கல் மாஸ்க் வடிகட்டுவதில் மோசமில்லை, ஆனால் கன்னத்து இடைவெளி வழியே காற்று போய் வந்துகொண்டிருக்கும். பொருந்தி உட்கார்ந்த என்-95-க்கு மற்ற இரண்டும் கிட்டேகூட வராது. வைரஸ் 0.1 மைக்ரான்தானே, 0.3-க்குச் சோதித்த மாஸ்க் எப்படித் தடுக்கும் என்று கேட்பவர்கள் அதைச் சல்லடையாக நினைக்கிறார்கள். அந்த இழைகளில் நிலைமின்னூட்டம் இருக்கிறது. இன்னும் சிறிய துகள்கள் தாறுமாறாக அலைந்து இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். பிடிக்கக் கடினமானது 0.3-ஐ ஒட்டிய அளவுதான். சோப்பிலோ ஆல்கஹாலிலோ கழுவினால் அந்த மின்னூட்டம் போய்விடும், அப்புறம் அது வெறும் துணி. கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்கோரம் ஒழுகுகிறது என்று அர்த்தம். தாடியும் மாஸ்க் பொருந்துவதற்கு எதிரி. வால்வு வைத்த மாஸ்க் போட்டவரைக் காக்கும், எதிரில் இருப்பவரை அவ்வளவாகக் காக்காது.

கடைசியாக, நோயாளியைக் கண்டுபிடிப்பது. நெற்றியில் காட்டும் வெப்பமானி தருவது போலி நிம்மதிதான். 2003-ல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது கனடா விமான நிலையங்களில் லட்சக்கணக்கான பயணிகளைச் சோதித்தும் ஒரு சார்ஸ் நோயாளிகூடச் சிக்கவில்லை. ஆனாலும் சார்ஸ் அடங்கியது. நோய் முற்றிய பிறகே அது அதிகம் பரவியதால், அறிகுறி தெரிந்தவரைத் தனிமைப்படுத்தினாலே சங்கிலி அறுந்தது. கோவிட் காய்ச்சல் வருவதற்கு முன்பே பரவியது, அதே உத்தி அங்கே போதவில்லை. புது வைரஸ் வரும்போது நான் முதலில் தேடும் தகவல் இதுதான்: அறிகுறி முந்துகிறதா, பரவல் முந்துகிறதா?

பரவல் முந்தினால் டெஸ்ட் வேண்டும். நோய் இருக்கிறதா என்று அறிய, வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வகச் சோதனையான பிசிஆர். அது குறைந்த வைரஸையும் பிடிக்கும், குணமாகிப் பல வாரம் கழித்தும் பாசிட்டிவ் காட்டலாம். இன்றைக்கு வயதான பெற்றோரைப் பார்க்கப் போகலாமா என்ற கேள்விக்கு வீட்டிலேயே சில நிமிடங்களில் முடிவு காட்டும் ராபிட் டெஸ்டே பொருத்தம். நெகட்டிவ் வந்தாலும் அது அந்த நாளுக்கு மட்டும்தான். சந்தேகம் இருந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று.