டென்னிஸ் பால் கை லெதர் பாலுக்குப் பழக: தொங்கும் பந்தா, த்ரோடவுனா, மெஷினா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்களில் வருடக்கணக்கில் சிக்ஸர் அடித்தவர், லீக் ஆட்டத்துக்கு வந்து ஸ்லிப்பில் (விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்பவரிடம்) கேட்ச் கொடுத்துவிட்டு நிற்பார். கை வேகத்தில் ஒரு குறையும் இருக்காது. டென்னிஸ் பால் இடுப்பு உயரத்துக்கு எழும்பும். முன்காலை லெக் பக்கம் ஒதுக்கி, கீழ்க்கை பலத்தில் மிட்விக்கெட்டுக்கு மேலே தூக்கிவிடலாம். பெரும்பாலான டோர்னமென்ட்களில் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டால் அவுட்) கிடையாது, அதனால் கால் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. லெதர் பால் 156 முதல் 163 கிராம் வரை, டென்னிஸ் பாலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் எடை. தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வரும், கடைசி நேரத்தில் விலகும். குறுக்கே வரும் பேட் அந்தப் பந்தின் பாதையில் ஒரு நொடிகூட நேராக இருக்காது.

“நடராஜன், வருண் சக்கரவர்த்தி எல்லாம் டென்னிஸ் பாலில் இருந்து வந்தவங்கதானே?” என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இருவரும் பவுலர்கள். பேட்ஸ்மேனுக்கு மாற்ற வேண்டியது அதிகம்.

தொங்கும் பந்து செலவில்லாத வழி. பழைய சாக்ஸில் பந்தைப் போட்டு, மாமரக் கிளையிலோ கார் ஷெட் கொக்கியிலோ முழங்காலுக்குச் சற்று மேலே கட்டுங்கள். மேல்கையால் மட்டும் தட்டுங்கள். பேட் நேராக வந்தால் பந்து நேராகப் போய் நேராகத் திரும்பும். குறுக்கே வந்தால் வட்டமடிக்கும். பக்கத்தில் கோச் இல்லாமலே தப்பு தெரிந்துவிடும். ஆனி, ஆடி மழையில் மைதானம் சகதியானாலும் இது நிற்காது. ஆனால் லெங்த், அதாவது பந்து எவ்வளவு தள்ளி தரையில் விழுகிறது என்று பார்க்க இது கற்றுத் தராது. பந்து தரையில் விழுவதே இல்லையே!

பௌலிங் மெஷின் வேகத்தின் பயத்தைப் போக்கும், அது வரை சரி. பௌலரின் கையும் மணிக்கட்டும் கண்ணுக்குத் தெரியாது, பந்து ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். டென்னிஸ் பால் ஆட்டக்காரர் அரை மணியில் அந்த இடத்தைக் கணித்து, பழைய சுத்தலையே அங்கேயும் சுத்துவார். காசு கொடுத்து தப்பை உறுதிப்படுத்திக்கொள்வது போலத்தான். என் கணக்கில் இது கடைசி.

த்ரோடவுனுக்கு ஒரு நண்பன் போதும். பத்துப் பன்னிரண்டு மீட்டரில் நின்று, தோளுக்கு மேலாகக் கையைச் சுழற்றி ஃபுல் லெங்த்தில் (பேட்ஸ்மேனின் காலுக்குக் கிட்ட விழும்படி) எறியட்டும். முதல் வாரம் ஒரே விதி: பந்து மிட் ஆனுக்கும் மிட் ஆஃபுக்கும் நடுவே, அதாவது எறிகிறவர் பக்கமாக நேராக, தரையோடு போக வேண்டும், தூக்கி அடித்தால் அவுட். கீழ்க்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடித்திருந்தால் குறுக்கே இழுக்கும் பலம் தானாகக் குறையும். “காலை இழுக்காத மக்கா” என்று எறிகிறவர் கத்திக்கொண்டே இருப்பதுதான் இதில் பாதி மருந்து. அப்புறம் இடையிடையே ஷார்ட்டாக (பேட்ஸ்மேனுக்குத் தள்ளியே விழும்படி) ஒன்று எறியச் சொல்லுங்கள். லெங்த் பார்த்த பிறகு கால் நகர்வது அப்போதுதான் பழகும். எறிகிறவரின் தோள் வலிக்கும் என்பதுதான் ஒரே குறை.

முதலில் மேட்டிங் விக்கெட் (பாய் விரித்த பிட்ச்) கிடைத்தால் விடாதீர்கள். எழும்பும் உயரம் பழைய பழக்கத்துக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கும், அதற்கு அடுத்து டர்ஃபுக்கு (மண், புல் பிட்ச்சுக்கு) போகலாம்.

தினமும் தொங்கும் பந்து கால் மணி, வாரத்தில் மூன்று நாள் த்ரோடவுன் என்பது என் தேர்வு. பழைய சுத்தலை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. இருபது ஓவர் ஆட்டத்தில் கடைசி நாலு ஓவருக்கு அதுவும் வேண்டும். அப்போதும் முன்கால் விலகட்டும், தலை விலகக் கூடாது. பின்பக்கம் குடைந்த லேசான டென்னிஸ் பால் பேட்டை மட்டும் லெதர் நெட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஓரம் தெறித்துவிடும்.