டாஸா, சிட்டி கோல்ஃபா: இருவர் பணத்தில் ஒரு டிராக் கார்

போன வருஷம் புரட்டாசி விரதம் முடிந்த வாரம், நானும் என் நண்பனும் ஆளுக்குப் பாதி பணம் போட்டு ஒரு டொயோட்டா டாஸ் வாங்கினோம். 2002-ஆம் வருஷ 160i. தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த இசிபிங்கோவில் ஒரு வீட்டின் மாமரத்தடியில் ஆறு மாதமாக நின்ற வண்டி. 26,000 ராண்ட் கொடுத்தோம். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு மட்டுமே வைத்துக்கொள்ளும் கார் அது.

வாங்குவதற்கு முன் நான்கு மாதம் பேசித் தீராத வாக்குவாதம். அவனுக்கு ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் வேண்டும். எனக்கு டாஸ். நடுவில் வேறொரு நண்பர் வந்து, பின்சக்கரம் தள்ளும் வண்டிதான் உண்மையான சந்தோஷம், பழைய பிஎம்டபிள்யூ 318i ஒன்று எடுங்கள் என்றார். மூன்றையும் பார்த்தோம், இரண்டை ஓட்டினோம். அந்த நான்கு மாதத்திலும் அதற்குப் பின் ஓடிய ஆறு டிராக் டேயிலும் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

318i-ஐ முதலில் முடித்துவிடுகிறேன். அதில் இ30 என்ற பழைய வடிவத்தை நாங்கள் தொடவே இல்லை. நம் ஊரில் ‘குஷேஷே’ என்று பெயர் வாங்கி, சுழற்றி ஓட்டும் விளையாட்டுக்காரர்கள் தேடித்தேடி வாங்குவதால் அதன் விலை எங்கோ போய்விட்டது. அடுத்து வந்த இ36 இன்னும் கைக்கு எட்டும். ஒரு நாள் அதில் பயணியாக உட்கார்ந்து நான்கு சுற்று வந்தேன். வளைவுக்குள் அது திரும்பும் அழகை மறுக்க மாட்டேன். ஆனால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து, தெர்மோஸ்டாட் உறை, பழைய வாட்டர் பம்ப் என்று குளிரூட்டும் பாகம் மொத்தத்தையும் மாற்றாமல் அதைத் தடத்துக்குக் கொண்டுபோவது சரியல்ல. எடையும் அதிகம். எடை ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

சிட்டி கோல்ஃபைப் பற்றித் தென்னாப்பிரிக்காவில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 1984-இல் தொடங்கி 2009 நவம்பர் வரை யூட்டன்ஹேகில் செய்தார்கள், இன்றைக்கு அந்த ஊர் கரியேகா. மூன்று லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் வண்டிகள். டர்பனின் ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வொர்த்திலோ எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த ஒருவர் வெளியே வருவார். மூன்றில் எடை குறைந்ததும் அதுதான். வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தத் துடிப்பை டாஸ் தராது. என் நண்பன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? இரண்டு காரணம். முதலாவது விலை. நல்ல உடம்போடு இருக்கும் சிட்டிக்கு இப்போது ஆசைக்காரர்கள் வந்துவிட்டார்கள். நாங்கள் பார்த்த துருப்பிடிக்காத வண்டிகள் எல்லாம் 45,000 ராண்டுக்கு மேலே. நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தவற்றில், கடற்கரை ஊர் உப்புக்காற்று கண்ணாடியின் அடிச்சட்டத்தைத் தின்றிருந்தது. நல்ல வண்டியை வாங்கினால், அதன் இருக்கையைப் பிடுங்கி, தரைவிரிப்பைக் கிழித்துத் தடத்தில் விட மனசு வராது. வரவும் கூடாது, அது பாதுகாக்க வேண்டிய வண்டி.

இரண்டாவது காரணம்தான் பெரிது. சிட்டிக்கு எல்லாமே கிடைக்கும். பெரிய பிரேக், பெரிய எஞ்சின், இரட்டைக் கார்புரேட்டர், நெருங்கிய பல்வரிசை கொண்ட கியர்பாக்ஸ், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் நண்பன் ஏற்கெனவே ஒரு சிட்டி வைத்திருந்தவன். மூன்று வருஷம் அதற்குப் பணம் போட்டான். அந்த மூன்று வருஷத்தில் அந்த வண்டி தடத்தில் ஓடியது ஒரே நாள். மற்ற நாளெல்லாம் அடுத்த பாகத்துக்காக ஜாக்கியின்மேல் நின்றது. சின்ன பட்ஜெட்டில் டிராக் கார் கட்டுபவருக்குக் கணக்கு என்பது வாங்கிய விலை அல்ல, ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆகிறது என்பதுதான். ஓடாத வண்டிக்கு அந்தக் கணக்கே போட முடியாது.

டாஸுக்கு வருகிறேன். 1996 முதல் 2006 வரை, டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில், நம் வீட்டுவாசலில் செய்த கார் அது. அதற்கு முந்தைய டொயோட்டா கான்க்வெஸ்டின் உடம்புதான். நம் ஊரில் பாட்டி முதல் பீட்சா கொண்டுவரும் பையன் வரை எல்லோரும் ஓட்டிய வண்டி. 1.3 லிட்டரில்தான் அதிகம் கிடைக்கும், அதில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டர். நீண்ட வளைவில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி எஞ்சின் தடுமாறும். அதனால் பொறுத்திருந்து 160i தேடினோம். 1.6 லிட்டர், பதினாறு வால்வு, இன்ஜெக்‌ஷன். டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாத அமைப்பு. பழைய எஞ்சினை நாள் முழுக்க உச்சச் சுழற்சியில் வைத்திருப்பவருக்கு அது எவ்வளவு நிம்மதி! கான்க்வெஸ்ட் ஆர்எஸ்ஐயின் பலம் கூடிய எஞ்சினைப் போடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தச் சாமான்கள் அரிதாகிவிட்டன, கிடைத்தாலும் எஞ்சின் விலையில் இன்னொரு டாஸ் வாங்கலாம். எனவே அந்த ஆசைக்கு நாங்கள் போகவில்லை. போட எதுவும் இல்லாததால் மிஞ்சிய பணம் பெட்ரோலுக்கும் டயருக்கும் போயிற்று.

இனி பராமரிப்பு. அதிலும் பிரேக். டிராக் டேயில் பணம் தின்பது எஞ்சின் என்று நினைத்தால் தவறு, பிரேக்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுபவரோடு டாஸ் ஏறத்தாழ 1,000 கிலோ. மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 70-க்கு ஒரு முறை பிடித்தால் சுமார் 680 கிலோஜூல் ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது. அறைச்சூட்டில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. சில நொடிக்குள், அதுவும் பெரும்பகுதி முன் இரண்டு டிஸ்கில். அடுத்த நேர்த்தடம் முடிந்ததும் மறுபடி இரண்டு லிட்டர். அதே வேகத்தில் 1,300 கிலோ வரும் 318i-க்கு 880 கிலோஜூல். பத்துக்கு மூன்று பங்கு கூடுதல் வெப்பம், அதே அளவில் தேய்மானம். பேட், டிஸ்க், டயர், பெட்ரோல் எல்லாம் எடையைப் பார்த்தே கூலி கேட்கும். இதில் சிட்டி டாஸை விடவும் சிக்கனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் டாஸிலிருந்து பின்சீட், உதிரிச் சக்கரம், விரிப்பு, ஒலியை அடக்கும் தார்த் தகடு எல்லாவற்றையும் கழற்றியபின் அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை.

முதல் டிராக் டே போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் உள்ள டெஸி ரேஸ்வேயில். டர்பனிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆறாவது சுற்றில் பெடல் தரைவரை போய்விட்டது. நல்லவேளை, ஓரமாக நிறைய புல்வெளி இருந்தது. பேட் புதியது, டிஸ்க் புதியது. பிரேக் எண்ணெயை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தோம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து எண்ணெய் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய நிலையில் அந்தத் தரம் 155-க்கு இறங்கிவிடும். டர்பன் காற்றின் ஈரத்தைச் சொல்லவா வேண்டும்? கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழி வந்தால் பெடல் அந்தக் குமிழியைத்தான் அமுக்கும், பேட் அசையாது.

அதற்குப் பிறகு டாட் 5.1 ஊற்றுகிறோம், 260-ம் 180-ம் அதன் அளவு. டாட் 5 என்று வெறுமனே போட்டிருப்பது சிலிக்கான், வேறு சாமான். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஒவ்வொரு டிராக் டேக்கும் முந்தைய வெள்ளிக்கிழமை எண்ணெயை முழுக்க மாற்றிவிடுகிறோம். முன்பம்பரில் துளை போட்டு, அங்கிருந்து டிஸ்கின் நடுப்பகுதிக்குக் காற்றுக்குழாய் இழுத்தோம். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக வருகிறோம், நிறுத்தியதும் கைபிரேக் போடுவதில்லை, சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறோம். இவ்வளவுதான். ஆறு நாளில் முன்பேட் மூன்று செட், டிஸ்க் ஒரு ஜோடி. தடத்துக்கு ஏற்ற கடினமான பேட் வகை சிட்டிக்குக் கடையில் எளிதாகக் கிடைக்கிறது, டாஸுக்கு அப்படி இல்லை. ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு பட்டறையில் பழைய தகட்டிலேயே கடினமான லைனிங் ஒட்டி வாங்கினோம். இதுவரை நன்றாக இருக்கிறது, ஆனால் ஆறு நாள் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் அதையே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சக்கர விஷயம் சின்னதுதான், ஆனால் வாரக்கடைசியில் பெரிய வேலையை மிச்சப்படுத்தும். டாஸில் சக்கரம் மாட்ட நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட், அதன்மேல் நட்டு. கோல்ஃபில் போல்ட். கனமான சக்கரத்தை ஒரு கையால் தூக்கி, துளைகளை நேர்படுத்தி, போல்ட்டை நுழைப்பதற்குள் இடுப்பு போய்விடும். ஸ்டட்டில் சக்கரத்தைத் தொங்கவிட்டு நட்டை முடுக்கினால் முடிந்தது. இரண்டுக்குமே நான்கு துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். நடுத்துளை கோல்ஃபுக்கு 57.1, டொயோட்டாவுக்கு 54.1. எனவே நண்பனின் பழைய சிட்டியில் இருந்த 14 அங்குலச் சக்கரங்கள் ஒரு வளையம் போட்டதும் எங்கள் டாஸில் உட்கார்ந்தன. அவை வெளியில் வாங்கிய சக்கரங்கள், கூம்பு வடிவ இருக்கை. கோல்ஃபின் ஒரிஜினல் அலாய் என்றால் போல்ட் உட்காரும் இடம் உருண்டையாக இருக்கும், டொயோட்டாவின் கூம்பு நட்டு அதில் சரியாகப் பிடிக்காது. பார்க்காமல் மாட்டிவிடாதீர்கள். 185/60 14 டயர் எந்தக் கடையிலும் கிடைக்கிற அளவு, அதுவும் ஒரு லாபம்.

ஒரு முறை ஜோகன்னஸ்பர்க் பக்கம் உள்ள கயலாமி தடத்துக்கும் போனோம். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனென் கணவாய் ஏறி, கடன் வாங்கிய பக்கியில் (பிக்கப் வண்டி) டிரெய்லர் கட்டி, விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். 1967-இலிருந்து ஃபார்முலா ஒன் ஓடிய இடம் அது, இப்போதைய தடம் 4.522 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் காற்று மெலிது, டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். நேர்த்தடத்தில் எல்லோரும் தாண்டிப் போனார்கள். ஆனால் டர்பனில் சரிசெய்த கார்புரேட்டரோடு வந்திருந்த ஒரு சிட்டி அங்கே பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்துக் கறுப்புப் புகை விட்டது. எங்கள் இன்ஜெக்‌ஷன் காற்றழுத்தத்தைப் பார்த்துத் தானே சரிசெய்துகொண்டது. மைன்ஷாஃப்ட் என்று அழைக்கும் அந்தச் செங்குத்து இறக்கத்தில் கீழே பாய்ந்துவிட்டுப் பிரேக்கை மிதித்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. அன்று மத்தியானம் பீன்ஸ் குழம்பு நிரப்பிய ரொட்டியான ‘பன்னி சௌ’ தின்றுகொண்டே, “சரிடா, டாஸே இருக்கட்டும்” என்றான் நண்பன்.

மறுவிற்பனை பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த டாஸை இனி யாரும் வாங்க மாட்டார்கள், அந்த 26,000-ஐ நாங்கள் போனதாகவே எழுதிவிட்டோம். சிட்டி வாங்கி உடம்பைக் கெடுக்காமல் வைத்திருந்தால் போட்ட பணம் திரும்பியிருக்கும், ஒருவேளை மேலேயும் வந்திருக்கும். பணத்தை அப்படிப் பார்ப்பவர் சிட்டியையே எடுக்கலாம். ஆனால் எங்கள் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயத் தடம் சேராது. சுவரில் மோதினால் போனது போனதுதான். இழந்தாலும் குடும்பத்தில் சண்டை வராத விலையில் வண்டி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இருவர் சேர்ந்து வைத்திருப்பதால் ஒன்றை மட்டும் முதல் நாளே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். யார் ஓட்டும்போது உடம்பு நசுங்குகிறதோ, அவர் அதைத் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் தேய்மானம் பாதிப் பாதி. ஒருவர் விலக நினைத்தால் மற்றவருக்கு வாங்கிய விலையின் பாதிக்கு விட்டுவிட வேண்டும். இதுவரை அந்தத் தாளை வெளியே எடுக்கத் தேவை வரவில்லை.

உள்ளே கம்பிக்கூண்டு இன்னும் போடவில்லை. எங்கள் வேகத்துக்குத் தேவையா, போட்டால் கூடும் எடை பிரேக்குக்கு என்ன செய்யும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த டெஸி நாளுக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை எண்ணெய் மாற்ற அவன் வீட்டுக்குப் போகிறேன்.