நூல் மாட்டாமல் ஓடும் நிட்டிங் மெஷின் வீடியோவை நம்பாதீர்கள்

பழைய நிட்டிங் மெஷின் ஆன்லைனில் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்பவர் அனுப்பும் வீடியோவில் கேரியேஜ் (ஊசி வரிசை மேல் கையால் தள்ளி ஓட்டுகிற பாகம்) இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெண்ணெயில் கத்தி மாதிரி ஓடும். அதில் நூல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நூல் இல்லாமல் எந்த ஓட்டை மெஷினும் ஓடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 28,000 ரூபாய் செலவானது.

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்றால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நான் வளர்ந்தது குன்னூரில். அம்மாயி கையில் எப்போதும் ஒரு ஜோடி பத்தாம் நம்பர் ஊசி இருக்கும், நிட், பர்ல் என்கிற அடிப்படைப் பின்னல் இரண்டும் நான் அவர் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். இப்போதும் பஸ்ஸில் போனால் பையில் ஒரு தொப்பியோ சாக்ஸோ பாதியில் இருக்கும். முறுக்குப் பின்னல், காலர், ரிப் எல்லாம் கையால் பின்னுவதில் கிடைக்கும் சுகம் வேறு. ஆனால் பெரியவர்களுக்கான ஸ்வெட்டரில் முதுகுப் பகுதி என்று ஒன்று இருக்கிறதே, வெறும் நேர்ப்பின்னல், வரிசை மேல் வரிசை, அதை முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மெஷின் வாங்க நினைத்தேன். ஸ்வெட்டரின் உடம்பையும் கையையும் மெஷினில் ஓட்டிவிட்டு, கழுத்தும் பார்டரும் கையால் போடலாம் என்று கணக்கு.

நான் தேடியது பிரதர் கேஎச்-868. 200 ஊசி, ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர் இடைவெளி, டிசைனுக்கு 24 கண்ணி பஞ்ச் கார்டு (ஓட்டை போட்ட அட்டை). பிரதர் வீட்டு நிட்டிங் மெஷின் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிவிட்டது, அதனால் கிடைப்பதெல்லாம் யாராவது பயன்படுத்தியதாகத்தான் இருக்கும். விற்கிறவர்களுக்கு அது வசதி. வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்ல நிலையில் இருக்கும் மெஷினை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள். நானும் தொட்டதில்லை.

விளம்பரத்தில் "ஃபுல் சர்வீஸ் செய்தது, புதுசு மாதிரி" என்று போட்டிருந்தது. ஒரு வீடியோவும் இருந்தது. நூலில்லாமல் கேரியேஜ் ஓடுகிற அதே வீடியோதான், அப்போது எனக்கு உறைக்கவில்லை. சரி, கொஞ்சம் விவரமாக இருப்போம் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டு, "சார், நூல் போட்டுக் காட்டுங்க" என்றேன். "ஓ, தாராளமா மேடம்" என்று நடுவில் ஒரு இருபத்தைந்து ஊசியில் நூல் ஏற்றிப் பத்து வரிசை ஓட்டிக் காட்டினார். அழகாக விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அன்று இரவே ஜிபேயில் முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். பில் கேட்டதற்கு "பார்சலோட வரும் மேடம்" என்றார். வரவில்லை.

பார்சல் ஆபீஸில் இருந்து ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மேஜையில் கிளாம்ப் போட்டு, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நூற்றைம்பது ஊசியில் நூல் ஏற்றினேன். இரண்டாவது வரிசையில் கேரியேஜ் 'கடக்' என்று நின்றுவிட்டது. தள்ளினால் நகரவில்லை. மெதுவாகக் கழற்றி எடுத்தால் இடது ஓரத்தில் ஏழெட்டு ஊசி தலை தூக்கி நிற்கிறது, இரண்டின் கொக்கி வளைந்தேவிட்டது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து நாலு நாள் இதே கூத்து.

ஐந்தாம் நாள் ஸ்பாஞ்ச் பாரை உருவினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஊசிகளுக்கு மேல் குறுக்காக ஒரு தகடு நுழைந்திருக்கும், அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச்தான் ஊசிகளைக் கீழே அழுத்திப் பிடிக்கும். வருஷக்கணக்கில் அது நசுங்கிப் பிசுபிசுத்துப் போகும், போனால் ஊசி மேலே எழும்பி கேரியேஜில் இடிக்கும். பழைய மெஷின் என்றால் முதலில் மாற்ற வேண்டிய சாமான் அதுதான். என்னுடையதில் இருந்தது என்ன தெரியுமா? பாத்திரம் துலக்குகிற ஸ்பாஞ்சைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் அந்தப் பச்சை நார்கூட அப்படியே இருந்தது. அவர் சொன்ன 'ஃபுல் சர்வீஸ்' இதுதான்.

தெரிந்தவர் மூலமாகத் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் மில் ஃபிட்டர் தம்பியை வரவழைத்தேன். (பனியன் துணியும் நாம் போடும் நேர்ப்பின்னலும் ஒன்றேதான், சந்தேகம் இருந்தால் பனியனை உள்பக்கம் திருப்பி உற்றுப் பாருங்கள், பர்ல் மேடு மேடாகத் தெரியும்.) அவர் ஒவ்வொரு ஊசியாக உருவி வெளிச்சத்தில் பிடித்து, கொக்கியை மூடித் திறக்கும் குட்டி நாக்கை, அதாவது லாட்சை, நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தார். நல்ல ஊசியில் லாட்ச் நேராகக் கொக்கியின் நடுவில் வந்து உட்காரும். கெட்டதில் ஒருபக்கமாகச் சாயும், இல்லை துருப்பிடித்து அசையவே அசையாது. 61 ஊசி தேறவில்லை. "நல்லதெல்லாம் நடுவுல வரிசையா இருக்குதுங்க்கா, போனதெல்லாம் ரெண்டு ஓரத்துலயும் போட்டிருக்காங்க, தெரிஞ்சு செஞ்ச வேலைதான்" என்றார். அவருடைய மில் ஊசி எதுவும் இதற்குப் பொருந்தாது, அது மிக நெருக்கமான கேஜ் (ஊசிக்கு ஊசி இடைவெளி). வந்த கூலியைக்கூட வாங்க மாட்டேன் என்றார், சாப்பிட வைத்து அனுப்பினேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், தேய்ந்த ஊசியை ஓரத்துக்குத் தள்ளுவது மெஷின் வைத்திருக்கும் எல்லோரும் செய்கிற வேலைதான், நானும் இப்போது செய்கிறேன். ஆனால் விற்கும்போது அதைச் சொல்ல வேண்டாமா? நடு ஊசிகளை மட்டும் ஓட்டிக் காட்டிவிட்டு "எல்லா ஊசியும் பக்கா மேடம்" என்றால் அதற்குப் பெயர் வேறு.

கூடவே இலவசமாக மூன்று கோன் "ப்யூர் மெரினோ" கம்பளி நூல் வந்தது. ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகிச் சொட்டி, கறுப்பாகக் குண்டுமணி மாதிரி இறுகிவிட்டது. சுத்த அக்ரிலிக், செயற்கை நூல். போகட்டும், இலவசம்தானே.

போன் செய்தேன். முதல் நாள் "பார்சல்காரங்க போட்டு உடைச்சிருப்பாங்க". அடுத்த நாள் "உங்களுக்கு ஓட்டத் தெரியல மேடம்". அப்புறம் பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தபோது பில் இருக்கிறதா என்று கேட்டார்கள், என்னிடம் இருந்தது வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டும் ஜிபே ரசீதும்தான். பில் இல்லாமல் முழுப் பணத்தையும் அனுப்பியது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், 200 ஊசியிலும் நூல் ஏற்றி, கோடிக்குக் கோடி இருபது வரிசை ஓட்டச் சொல்லுங்கள், சில நிமிஷ வேலைதான். அதற்கே நேரமில்லை என்பவரிடம் வாங்காதீர்கள். ஸ்பாஞ்ச் பாரை உருவித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்து ஊசி பத்தை வெளியே எடுத்து லாட்சைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். லேஸ் கேரியேஜ் (ஓட்டை ஓட்டையான டிசைன் போடுவதற்கானது), கண்ணி மாற்றும் கருவி, எடைக் கொக்கி எல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள், எனக்கு லேஸ் கேரியேஜே வரவில்லை. முடிந்தால் நேரில் போய் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், டிக்கெட் செலவு பெரிய விஷயமில்லை.

புது ஸ்பாஞ்ச் நானே ஒட்டிவிட்டேன். இப்போது நடுவில் 120 ஊசி நன்றாக ஓடுகிறது. கேரியேஜ் தடங்கலில்லாமல் ஒரு வரிசையைத் தாண்டும்போது வரும் அந்தச் சத்தம் இருக்கிறதே, கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்த அகலத்துக்குக் குழந்தை ஸ்வெட்டர்தான் வருகிறது, எதற்காக வாங்கினேனோ அந்தப் பெரிய முதுகுப் பகுதியை இன்னும் கையால்தான் பின்னுகிறேன்.

இதை இன்று எழுதக் காரணம், அந்த விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. வேறு பெயர், விலை 34,000. வீடியோ மட்டும் அதேதான். வரிசை எண்ணும் கவுண்டரை நிறுத்திப் பாருங்கள், 318-இல் நிற்கும். எனக்குக் காட்டிய வீடியோவிலும் 318. என் வீட்டுக்கு வந்த மெஷினில் கவுண்டர் சுற்றுவதே இல்லை, 000-தான்.