மார்ட்டா ரயிலும் 39ஆம் நம்பர் பஸ்ஸும்: இரண்டு வாரம் போய்வந்த அனுபவம்

அமெரிக்காவில் அட்லாண்டா பக்கம் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் இந்த ஊர் ரயில், பஸ் சேவையான மார்ட்டாவில் ஏறியது ஏர்போர்ட்டுக்குப் போக நாலைந்து தடவைதான். 2024 அக்டோபரில் கார் கியர்பாக்ஸ் போய் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வாரம் கிடந்தது, அதனால் மிட்டவுனில் இருக்கும் ஆபீஸுக்குத் தினமும் ரயிலில் போய்வந்தேன். காலையில் குவினெட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும் எங்கள் சுவானியிலிருந்து டோராவில் ஸ்டேஷன் வரை கணவர் கொண்டுவந்து விடுவார்.

ரயிலுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். இரண்டரை டாலர் டிக்கெட், பிரீஸ் என்ற டிக்கெட் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம், அதே காசில் பஸ்ஸுக்கும் மாறிக்கொள்ளலாம். டோராவில் ஸ்டேஷனில் கார் நிறுத்தப் பகலில் காசு கிடையாது. 85ஆம் நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் பிரேக்கை மிதித்து மிதித்துப் போய்ச்சேரும் இடத்துக்கு, உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டே போய்விடலாம். என்னோடு வந்தவர்கள் ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் போட்ட பெண்கள், ஏர்போர்ட் பேட்ஜ் மாட்டியவர்கள், ஜார்ஜியா டெக் பிள்ளைகள். பெட்டியில் பெரும்பாலும் கறுப்பின மக்கள்தான். ஒரு நாள்கூட யாரும் என்னிடம் முகம் சுளித்துப் பேசியதில்லை. இதைச் சொல்லவேண்டிய அவசியம் ஏன் வருகிறது என்றால், முதல் நாள் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மார்ட்டா எப்படி என்று கேட்டதற்கு வந்த முதல் பதிலே "தனியா போகாதீங்க சிஸ்டர், அதுல யார் யாரோ வருவாங்க" என்பதுதான். எழுதியவர் நம்ம ஊர்க்காரர், நல்ல மனிதர், பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட முதலில் வந்து நிற்பவர்.

அந்தப் பேச்சு அவருடைய சொந்தச் சரக்கு இல்லை, நாம் இங்கே வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே இந்த ஊரில் ஓடிக்கொண்டிருப்பது. மார்ட்டா (MARTA) என்ற பெயரின் எழுத்துகளைப் பிரித்து, "ஆப்பிரிக்கர்களை அட்லாண்டா வழியாக வேகமாகக் கொண்டுபோவது" என்று வெள்ளைக்காரர்கள் கேலி பண்ணிய காலம் உண்டு. 1965இல் காப் கவுண்டி மார்ட்டாவே வேண்டாம் என்று ஓட்டுப்போட்டது. 1971இல் ஃபுல்டனும் டிகால்பும் விற்பனை வரி கட்டச் சம்மதித்தன, கிளேட்டனும் எங்கள் குவினெட்டும் மறுத்துவிட்டன. அன்றைக்கு அந்தப் புறநகரெல்லாம் வெள்ளையர்கள் நகரத்தைவிட்டுப் போய்க் குடியேறிய இடம், பஸ் வந்தால் கறுப்பர்களும் வந்துவிடுவார்கள் என்ற பயம்தான் அந்த ஓட்டுகளுக்குப் பின்னால் பெரிதாக இருந்தது. அதனால்தான் தங்க நிறக் கோடு என்கிற ரயில் பாதை டோராவிலோடு, குவினெட் எல்லைக்கு முன்பே, நின்றுவிடுகிறது. (அந்தக் கோட்டுக்கே முதலில் மஞ்சள் என்றுதான் பெயர் வைத்தார்கள். ஆசியர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை அது, ஆசியர்கள் நிறைய வாழும் டோராவிலுக்குப் போகும் ரயிலுக்கா மஞ்சள் என்று எதிர்ப்பு கிளம்பி, 2010இல் தங்கம் ஆனது.)

சாலைகளும் அப்படித்தான். 1962 டிசம்பரில் பெய்டன் ரோட்டின் குறுக்கே நகராட்சியே தடுப்பு போட்டு அடைத்தது. கறுப்பினத்தவர் அந்தப் பக்கம் வீடு வாங்கிவிடக் கூடாது என்பது மட்டும்தான் காரணம். அட்லாண்டாவின் பெர்லின் சுவர் என்று பேர் வாங்கிய அந்தத் தடுப்பு, கோர்ட்டு சொன்ன பிறகு 1963 மார்ச்சில்தான் போனது.

சரி, 39க்கு வருகிறேன். டோராவிலிலிருந்து பியூஃபோர்ட் ஹைவே வழியாக லிண்ட்பர்க் வரை ஓடும் பஸ். சனிக்கிழமை காய்கறி வாங்க அதில் போனேன். வண்டி சுத்தம், டிரைவர் அம்மா ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். பஸ்ஸுக்கும் நாலரை. இறங்கிய பிறகுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஏழு லேன். நடுவில் திரும்புவதற்கான லேன் ஒன்று. பஸ் ஒரு பக்கம் விட்டது, நான் போகவேண்டியது எதிர்ப்பக்கம். சிக்னல் எங்கே என்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. என்னோடு இறங்கிய ஸ்பானிஷ் பேசும் பாட்டி இரண்டு பையையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டார், மறுகையில் பேரனைப் பிடித்தார், மூன்று லேன் தாண்டி அந்த நடு லேனில் போய் நின்றார். இரண்டு பக்கமும் லாரி போகிற காற்றில் அந்தப் பையனுடைய தொப்பி கழன்று விழப் பார்த்தது, அவன் பழகியவன் மாதிரி கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். சாலையோரப் புல்லில் கால் பட்டுப் பட்டுச் செம்மண் தடம் விழுந்திருந்தது, நம்ம ஊர் வரப்பு மாதிரி. சில இடங்களில் நடைபாதை, நடுத்திட்டு, சிக்னல் எல்லாம் வந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும், அங்கே கடப்பது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் அந்தச் சாலையோர அடுக்குமாடிகளில் இருப்பவர்களில் நிறைய பேர் மெக்ஸிகோ, குவாத்தமாலா, வியட்நாமிலிருந்து வந்து பஸ்ஸையும் காலையும் நம்பிப் பிழைப்பவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் ஓடுவது காருக்கென்றே போட்ட சாலை.

இப்படிக் கடக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் சட்டம் யார் பக்கம்? 2010இல் மரியெட்டாவில் ஒரு கறுப்பினத் தாய் பஸ்ஸிலிருந்து இறங்கி, எதிரில் இருந்த தன் குடியிருப்புக்குப் பிள்ளைகளோடு சாலையைக் கடந்தார். கார் மோதி அவருடைய நாலு வயது மகன் இறந்துபோனான். நிற்காமல் போன டிரைவருக்கு ஆறு மாதச் சிறை. தாய்மீதும் வழக்குப் போட்டு, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 36 மாதம் வரை சிறை கிடைத்திருக்கலாம். நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை, மறுவிசாரணைக்கு வழிவிட்டார், 2013இல் 200 டாலர் அபராதத்தோடு முடிந்தது. நியூயார்க்கில் 2023இல் இப்படிக் கண்ட இடத்தில் சாலை கடந்ததற்காக டிக்கெட் வாங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறுப்பர்களும் லத்தீன் மக்களும்தான். நான் இங்கே ரயிலில் போய்வந்த அதே அக்டோபரில் அங்கே அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதமே எங்கள் கவுண்டியில் பஸ் சேவையை விரிவாக்க டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி ஓட்டுக்கு வந்தது. 2019இல் மார்ட்டாவுக்காக வந்த ஓட்டுக்கு நான் போடவே போகவில்லை, நமக்கு எதற்கு பஸ் என்று இருந்துவிட்டேன். இந்த முறை கணவரும் நானும் வேண்டும் என்று போட்டோம். தோற்றுவிட்டது. இன்று குவினெட்டில் வெள்ளையர்கள் பெரும்பான்மை இல்லை, நம்மைப் போல வந்தவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறோம், அதனால் இந்தத் தோல்வியை எல்லாம் பழைய ஆட்கள் தலையில் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்கும் அதே "யார் யாரோ வருவாங்க" வந்தது. அண்ணா, அந்த யார் யாரோவில் இரண்டு வாரம் நானும் ஒருத்தி என்று எழுதினேன். அவர் பதில் போடவில்லை, ஆனால் மறுநாள் போன் பண்ணி, ஏர்போர்ட்டுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிவர ரயிலில் போகலாமா என்று கேட்டார்.

கார் வந்த பிறகும் வாரத்தில் மூன்று நாள் ரயில்தான். 39இல் போகிறவர்களுக்கு ஒன்று: கடைக்கு எதிரில் இறங்கிவிடாதீர்கள். அடுத்த சிக்னல் வரை பஸ்ஸிலேயே இருந்து, அங்கே இறங்கிக் கடந்து, திரும்பி நடந்து வாருங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். கையில் குழந்தை இருந்தால் கட்டாயம் அப்படித்தான் செய்யுங்கள்.