மின்நிலையத்துக்குக் கீழே ஆற்றை அளக்க: சோன்டெக் எம்9 எப்படி?

மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை மின்நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். இந்த மாதிரி இடங்களில் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து ஓட்டத்தைச் சொல்ல முடியாது. கீழ்க்கதவணையில் தேங்கிய நீர் மட்டத்தைத் தூக்கியே வைத்திருக்கும். டர்பைன் ஓடினாலும் நின்றாலும் அளவுகோலில் ஏறக்குறைய ஒரே எண் தெரியலாம். ஓட்டத்தை நேரடியாகவே அளக்க வேண்டும். அதற்கு சோன்டெக் ரிவர்சர்வேயர் எம்9 நல்ல கருவி; படகில் கட்டி ஆற்றைக் குறுக்கே கடக்கும்போது நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியிலிருந்து ஆழத்தையும் நீரின் வேகத்தையும் அளந்து ஓட்டத்தைக் கணக்கிடும். ஆனால் சீராக ஓடும் ஆற்றுக்கு எழுதப்பட்ட முறையை இங்கே அப்படியே பின்பற்றினால் தப்பான எண்தான் கிடைக்கும்.

எம்9-இல் ஒன்பது ஒலி உணரிகள்: 3 மெகாஹெர்ட்ஸில் நான்கு, 1 மெகாஹெர்ட்ஸில் நான்கு, ஆழம் பார்க்க நேர்கீழாக 0.5 மெகாஹெர்ட்ஸில் ஒன்று. ஆழத்துக்கும் வேகத்துக்கும் தக்கபடி அலைவரிசையையும் நீரைப் பிரித்து அளக்கும் அடுக்குகளின் தடிமனையும் கருவியே மாற்றிக்கொள்கிறது. டர்பைன் திறந்ததும் ஆழம் ஒரு மீட்டரிலிருந்து மூன்றுக்குப் போகிற ஆற்றில் இது பெரிய நிம்மதி. நடுவில் நிறுத்தி அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஒலிக்கதிர்கள் செங்குத்திலிருந்து 25 பாகை சாய்ந்திருப்பதால் படுகையை ஒட்டிய சுமார் 10 சதவீத ஆழம் அளவில் வராது. அந்தப் பகுதியும் மேற்பரப்பை ஒட்டிய பகுதியும் கணக்கிட்டு நிரப்பப்படுபவை என்பதை மறக்கக் கூடாது.

இனி முக்கியமான விஷயம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் வழக்கப்படி, போகவர இரட்டைப்படையாகக் கடந்து, மொத்தம் குறைந்தது 720 விநாடி அளக்க வேண்டும். 150 மீட்டர் அகல ஆற்றை விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கடக்க 5 நிமிடம். நான்கு கடப்புக்கு 20 நிமிடம். நீர் மணிக்கு 30 செ.மீ. ஏறிக்கொண்டிருந்தால் அதற்குள் மட்டம் 10 செ.மீ. மாறிவிடும். அந்தச் சராசரி எந்த நேரத்து ஓட்டத்தையும் காட்டாது. அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கடப்பையும் தனி அளவீடாகவே வையுங்கள்; அதன் நடுநேரத்து மட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள். அவசரத்தில் படகை விரட்டக் கூடாது, நீரின் வேகத்தைத் தாண்டினால் தரம் கெடும். ஒற்றைக் கடப்பில் திசைப் பிழை ஒளிந்திருக்கலாம். மின்நிலையத்தின் லோடு (மின் உற்பத்தி) மாறாமல் இருக்கும் நேரத்தில் நான்கு கடப்பு எடுத்து, இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் ஒத்துப்போகின்றனவா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

அளக்கும் இடமும் மட்டக் கருவியும் தள்ளியிருந்தால் இடையில் சேரும் நீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1 கி.மீ. இடைவெளி, 200 மீட்டர் அகலம், மணிக்கு 0.3 மீட்டர் ஏற்றம்: 1000 × 200 × 0.3 ÷ 3600, அதாவது விநாடிக்கு 16.7 கன மீட்டர், ஏறக்குறைய 590 கன அடி. இவ்வளவும் கருவியின் பிழையே இல்லை.

டர்பைன் வாயை ஒட்டி அளக்காதீர்கள். அங்கே காற்றுக் குமிழிகள் ஒலியை மறித்து, படுகை தெரியாமல் வரிசையாக வெற்றுப் பதிவுகள் விழும். அணையில் வண்டல் தங்கிவிடுவதால் வெளிவரும் நீர் மிகத் தெளிவாக இருந்தால் எதிரொலி பலவீனமாகி, எட்டும் ஆழமும் குறையும். வெயிலில் சூடான கருவியை அணையின் குளிர்ந்த நீரில் இறக்கியதும் தொடங்க வேண்டாம். வெப்பநிலை 5 பாகை தவறினால் ஒலிவேகம் சுமார் 1 சதவீதம் தவறும். தனி வெப்பமானியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகு ஆரம்பியுங்கள்.

கடிகாரம் இன்னொரு பொறி. ஜிபிஎஸ் தருவது உலக நேரம். மட்டப் பதிவும் மின்நிலையக் குறிப்பேடும் இந்திய நேரம். ஐந்தரை மணி வித்தியாசம் உடனே கண்ணில் பட்டுவிடும். மட்டத்தைப் பதியும் லாகர் நான்கு நிமிடம் பிந்தி ஓடுவதுதான் தெரியாது, கெடுப்பதும் அதுதான்.

கருவி படுகையை ஆதாரமாக வைத்தே படகின் வேகத்தைக் கணக்கிடுகிறது; படுகை மணல் நகர்ந்தால் ஓட்டம் தப்பாக வரும். படுகை நகர்கிறதா என்ற சோதனையைக் குறைந்த ஓட்டத்தில் செய்து திருப்திப்படக் கூடாது. முழு லோடில், திசைகாட்டியை அளவுதிருத்தம் செய்த பிறகு, ஆற்றைக் கடந்து கிளம்பிய இடத்துக்கே திரும்பும் சுற்று ஒன்றைக் குறைந்தது 3 நிமிடம் எடுங்கள். இரும்புப் பாலத்தின் அடியில் திசைகாட்டி கெடும். மணல் நகர்ந்தால் ஜிபிஎஸ்ஸை ஆதாரமாக வைக்கலாம்.

பதிவுகளைச் சரிபார்க்க இலவசமான கியூரெவ் மென்பொருள் போதும். அதில் கடப்புகளுக்கிடையே பெரிய சிதறல் தெரிந்தால் கருவியைக் குறை சொல்லும் முன் மின்நிலைய அட்டவணையைப் பாருங்கள்.

எம்9-ஐ மட்டும் வாங்கினால் 24 மணி நேர ஓட்டம் கிடைக்காது. கரையில் நின்றபடியே நீரின் வேகத்தைத் தொடர்ந்து அளக்கும் பக்கவாட்டு டாப்ளர் கருவி ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு எம்9 கடப்பையும் அதே நிமிடங்களின் பக்கவாட்டு வேகத்தோடு இணைத்து வரையுங்கள். டர்பைன் ஒன்று, இரண்டு, முழு நிறுத்தம், ஏற்றம், இறக்கம் என எல்லா நிலைகளிலும் புள்ளிகள் விழ வேண்டும். ஆற்றில் இறங்கும் முன் அன்றைய இயந்திர அட்டவணையை மின்நிலையத்திடம் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வராமல் படகை அவிழ்க்க வேண்டாம்.