மொபில் 1 இஎஸ்பி 5டபிள்யூ-30: யாருக்குப் பொருந்தும், யாருக்கு வேண்டாம்

நல்ல எஞ்சின் ஆயில்தான். ஆனால் எல்லாக் காருக்குமான ஆயில் இல்லை. மேனுவலில் ஃபோக்ஸ்வாகன் 504 00 / 507 00, மெர்சிடிஸ் 229.51, போர்ஷே சி30 ஆகிய கார் நிறுவன அங்கீகார எண்களில் ஏதாவது ஒன்று இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். வெறும் ‘5டபிள்யூ-30’ என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

கேனின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கிரேடு பாதித் தகவல்தான். 5டபிள்யூ என்பது குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. 30 என்பது 100 டிகிரி செல்சியஸில் உள்ள பிசுக்குமை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை: 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. கிராங்க் பேரிங்கில் ஆயில் நசுங்கும் இடத்தில் சூடு அதைவிட அதிகம். அதற்காகத்தான் 150 டிகிரியில், வேகமாகத் தேய்க்கும் நிலையில் தனியாக அளக்கிறார்கள். 30 கிரேடுக்கு அந்த அளவு 2.9 மில்லிபாஸ்கல்-செகண்ட் இருந்தாலே பாஸ். ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கமான ஏசியாவின் சி3 தரத்துக்கு 3.5-க்குக் குறையக் கூடாது. ஆக, ஒரே ‘5டபிள்யூ-30’ பெயரில் இரண்டு வேறு ஆயில்கள் கடையில் நிற்கின்றன. மொபில் 1 இஎஸ்பி சி3 தரத்தைச் சேர்ந்தது, கெட்டியான ரகம். டர்போ எஞ்சினை நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டுபவருக்கு அதுதான் பாதுகாப்பு. மெல்லிய ஆயிலுக்கென வடிவமைத்த எஞ்சினில் இதை ஊற்றினால் எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், வேறு லாபம் இல்லை. 0டபிள்யூ-20 கேட்கும் காருக்கு இது வேண்டவே வேண்டாம். அந்த எஞ்சின்களின் ஆயில் பம்ப், வால்வ் டைமிங் அமைப்பு எல்லாம் மெல்லிய ஆயிலின் அழுத்தத்தைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டவை.

இதன் உண்மையான பலம் டீசல் கார்களில் தெரியும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது புகைக்கரி எரிந்துவிடும். ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கிவிடும். சி3 ஆயிலில் சல்ஃபேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏசியாவின் பழைய ஏ3/பி4 ரகத்தில் 1.6 சதவீதம் வரை போகலாம். டிபிஎஃப் உள்ள காரில் அதை ஊற்றினால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவு ஆயிலில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

சாம்பல் குறைவதற்கு ஒரு விலை உண்டு: அமிலத்தை முறிக்கும் சக்தியும் குறைகிறது. கந்தகம் அதிகமுள்ள எரிபொருள் கிடைக்கும் இடங்களில் ஆயில் மாற்றும் நீண்ட இடைவெளியை நம்பாதீர்கள், பாதியாகக் குறைத்துவிடுங்கள். டிபிஎஃப் இல்லாத பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு, மேனுவல் அனுமதித்தால், ஏ3/பி4 ஆயிலே போதும்.

வாங்கும்போது கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘அங்கீகாரம் பெற்றது’ என்றால் கார் நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்டது. ‘பரிந்துரைக்கிறோம்’, ‘தரத்துக்கு ஏற்றது’ என்பதெல்லாம் ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 போல வேறு எண் மேனுவலில் இருந்தால், அதே எண் கையிலுள்ள கேனில் அச்சாகியிருக்க வேண்டும். ‘கிட்டத்தட்ட அதேதான்’ என்று கடைக்காரர் சொல்வது கணக்கில் வராது.

மாற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். திருகும் வகை ஃபில்டர் என்றால் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, வளையம் ஒட்டியபின் முக்கால் சுற்றுக் கையால் இறுக்கினால் போதும். மேனுவல் சொல்லும் அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரையால் பேரிங்கைத் தாங்க முடியாது.

டீசல் காரில் சில மாதம் கழித்து ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். குறைந்த தூரமே ஓட்டுவதால் டிபிஎஃப் சுத்திகரிப்பு பாதியில் நின்று, எரியாத டீசல் எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்குகிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல் அந்த ஆயிலை வடித்துவிடுங்கள்.