பொடக்காலியில் அருவியா, அல்லிக்குளமா?

வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், கொஞ்சம் இடம் இருந்து, அங்கே தண்ணீர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கல் அடுக்கிச் சிறிய அருவி கட்டலாம்; அல்லது அல்லி பூக்கும் குளம் வெட்டலாம். பல்லடம் பக்கம் எங்கள் வீட்டில் குளம்தான் வெட்டினோம். உடுமலையில் சித்தப்பா வீட்டில் அருவி இருக்கிறது. இரண்டையும் பார்த்துப் பழகிய பிறகும் என் ஓட்டு குளத்துக்கே.

அருவியின் ஓசைக்கு ஈடு இல்லை, அதை மறுக்க மாட்டேன். மின்செலவுக்கும் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை: 100 வாட் மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழுது பார்ப்பதற்கோ, மோட்டாருக்குப் பேர்போன கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது தண்ணீரின் குணம். கொங்கு நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதி. சிறுவாணி ஆற்றின் உப்பில்லாத நல்ல தண்ணீர் வரும் கோவை வீடுகளை விட்டுவிட்டால், தோட்டத்துக்கு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் போர்த் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு அங்கேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட மறுபடி அதே தண்ணீரை விட, உப்பு ஏறிக்கொண்டே போகும். குளத்தில் இது மெதுவாக நடக்கிறது. அருவியிலோ தண்ணீர் மெல்லிய படலமாகக் கல்லின் மேல் பரவி ஓடுவதால், நனைந்து காயும் விளிம்பெல்லாம் வெண்மை படிகிறது. சித்தப்பா வீட்டுக் கருங்கல் இப்போது வெள்ளையடித்த சுவர் போல இருக்கிறது. அமிலம் ஊற்றித் தேய்க்கலாம்தான், கீழே தொட்டியில் மீன் இருக்கிறதே! மோட்டாருக்குள்ளும் அதே படிவு ஏறுவதால் அதையும் அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது.

இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று அருவிச் சாரலைத் தொட்டிக்கு வெளியே வாரி இறைத்துவிடும். ஆடி முழுவதும் சித்தப்பா மோட்டாரை நிறுத்தியே வைத்திருக்கிறார்.

குளத்துக்கும் இழப்பு உண்டு. பத்தடிக்கு ஆறடிக் குளத்தில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் வற்றுவதாக வைத்துக்கொண்டால் சுமார் 33 லிட்டர். ஆனால் அல்லி இலை மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடிவிட்டால் நிழல் கிடைக்கும், பாசியும் அடங்கும். விழும் தண்ணீரின் சலசலப்பு அல்லிக்கு ஆகாது என்பதால் இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்க நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் மொட்டைமாடிக் குழாயைக் குளத்துக்குத் திருப்பிவிடுங்கள்: ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கும் மேல் நல்ல தண்ணீர் வரும். சேர்ந்த உப்பைக் கரைத்து வெளியேற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

தேங்கிய தண்ணீர் என்றால் கொசு வரும். டெங்கு பயம் நியாயமானதே. அதற்குக் கப்பி மீன் கொஞ்சம் விட்டால் போதும், புழுக்களைத் தின்றுவிடும். நாங்கள் சிமெண்ட் பூசாமல், பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் பிளாஸ்டிக் தாளையே போட்டோம். சிமெண்ட் என்றால் மீன் விடும் முன் பலமுறை தண்ணீர் நிரப்பி வடித்து, சுண்ணாம்புக் காரம் போன பிறகே விட வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டடி ஆழம்கூட ஆபத்துதான். மேலே கம்பி வலை கட்டாயம்.

கோய் என்னும் வண்ணக் கெண்டை மீன் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். அவற்றுக்கு ஓடும் தண்ணீரும் வடிகட்டியும் தேவை, அதில் எனக்கு அனுபவம் இல்லை. சிறுவாணித் தண்ணீர் தாராளமாக வரும் கோவை வீடுகளிலும் அருவி நன்றாகவே நிற்கக்கூடும். அப்படிக் கட்டுவதாக இருந்தால் மேற்குப் பக்கம் ஆளுயரச் சுவரோ அடர்ந்த வேலியோ முதலில் எழுப்பிவிட்டு, பிறகு கல்லை அடுக்குங்கள்.